டான்பிட் சந்து பதினாலாம் நம்பர் அம்மாள்

பிராக்கன்லீ,
9 மார்ச் 1887, புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த கெசியா அக்காவுக்கு, தம்பி ஒபதியா சக்டன் வணங்கி எழுதிக்கொள்வது. ஸ்கார்பரோ கடற்காற்றில் உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்றும், அத்தானின் இருமல் குளிர்காலத்தோடு விடைபெற்றிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் பூனையும் சௌக்கியம். ஹெஸ்டரும் சௌக்கியமாகிவிட்டாள், சிக்கலே அதில்தான். உன்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. ஸ்கார்பரோ தபால் முத்திரைக்கு உன்னை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை. சனிக்கிழமைக்குள் அது வந்து சேராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி திரும்பவும் படுத்த படுக்கையாகிவிடுவாள் என்று பயப்படுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் இந்த ஊர்த் தபாலைச் சுமந்துவிட்டு அக்டோபரில் ஓய்வு பெற்றேன் அல்லவா, சரியாக அதே வாரத்தில்தான் ஹெஸ்டருக்கு நரம்பு நோய் கண்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஐந்து மாதமாக ஆராய்கிறேன், பிடிபடவில்லை. தண்ணீர் கொதிக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று நான் கடிகாரத்தை எடுத்தால் அவளுக்கு இடது கண் இமை துடிக்கும். ரொட்டிக் கத்தியை வாசல் பக்கம் வைத்தால் நான்கு அடி நடை மிச்சம் என்று சொன்னால் நெஞ்சு படபடக்கும். கிறிஸ்துமஸுக்குள் படுத்தே விட்டாள். டாக்டர் வந்து நாக்கைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், "வீட்டுல சமீபத்துல ஏதாவது மாறிச்சா?" என்று கேட்டார். "ஒண்ணும் மாறலை டாக்டர், சொல்லப்போனா இப்பத்தான் நான் நாள் பூரா கூடவே இருந்து பார்த்துக்கறேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மருந்து ஒன்றும் எழுதாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்தக் காலத்து டாக்டர்கள் அப்படித்தான்.

ஜனவரியில் ஒரு நாள் பத்திரிகையில் பேராசிரியர் அல்டிமோரின் நரம்பு அமுதத்துக்கு ஒரு விளம்பரம் வந்தது. கீழே, குணமானவர்களின் கடிதங்கள். அதில் ஒன்று நம் ஊர்க்காரி எழுதியது: ஜெமிமா கிளஃப், டான்பிட் சந்து, பதினாலாம் நம்பர். ஒன்பது வருஷம் கட்டிலை விட்டு இறங்கவில்லையாம், கரண்டி விழுந்தால் மயக்கம் போடுவாளாம், நாலு புட்டி குடித்த பிறகு வீட்டுத் துணி முழுவதையும் தானே துவைக்கிறாளாம். ஹெஸ்டர் அதை மூன்று தரம் படித்துவிட்டு, "இந்தம்மா எழுந்திருச்சா நானும் எழுந்திருப்பேன், மிஸ்டர் சக்டன். ஒரு புட்டி வாங்கிட்டு வாங்க" என்றாள். படுத்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான். எனக்கோ விலாசத்தைப் பார்த்ததுமே உள்ளுக்குள் ஏதோ இடறியது. அக்கா, நான் டான்பிட் சந்தில் முப்பத்தோரு வருஷம் நடந்தவன். இரட்டை நம்பர்ப் பக்கத்து வீடுகள் பன்னிரண்டோடு முடிந்துவிடும். அப்புறம் ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் கால்வாய். பதினாலாம் நம்பர் வேண்டுமென்றால் தண்ணீருக்குள்தான் கட்டவேண்டும்.

ஒரு விஷயம் விளங்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, உனக்குத் தெரியும். மறுநாளே போய்ப் பார்த்தேன். யாராவது புதிதாகக் கட்டியிருக்கலாம், இந்தக் காலத்தில் என்னதான் கட்டமாட்டார்கள். பன்னிரண்டாம் நம்பர் மர்கட்ராய்ட் அம்மாள் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பதினாலா? எட்டிப் பாரு ஒபதியா. ஒரு வாத்து குடியிருக்கு. அது ஒன்பது வருஷமாப் படுத்திருந்த மாதிரித் தெரியலை" என்றாள். அங்கிருந்து நேராக மருந்துக்கடைக்குப் போய் டென்ட்டிடம் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "மூலிகை" என்றான். என்ன மூலிகை என்றேன். "பெரு நாட்டு மூலிகை" என்றான். பெருவில் எந்த ஊர் என்றதற்கு, "உனக்கு வேணுமா வேண்டாமா? பின்னாடி ஆள் நிக்குது" என்றான். வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், என்னவென்று தெரியாததை மனைவிக்குக் கொடுப்பது முறையல்ல என்று நானே ஒரு கரண்டி ருசி பார்த்தேன். அரை மணியில் நெற்றியில் இதமான ஒரு சூடு பரவிற்று. ஹெஸ்டரின் பொத்தான் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த பொத்தான்களை எல்லாம் தெருவாரியாகப் பிரித்து அடுக்கினேன் என்று பிற்பாடு தெரிந்தது. மதுவிலக்குச் சபையில் நான் கையெழுத்துப் போட்டவன், எனவே புட்டியில் ஒட்டியிருந்த சீட்டை இரண்டு தடவை படித்தேன். மருந்து என்றுதான் போட்டிருந்தது.

பேராசிரியர் புளுகர் என்று ஹெஸ்டரிடம் சொல்லத்தான் மாடியேறினேன். அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். "கிளஃப் அம்மாவுக்கு நாலு வரி எழுதறேன். ஒரே ஊர்க்காரி, கேட்டா சொல்லமாட்டாளா?" என்றாள். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏறியிருந்தது. மறுநாள் காலை, என் வேலைக்கு வந்திருக்கும் பிரெட் அக்ராய்ட் வேலிக்கு மேலே அந்தக் கடிதத்தை நீட்டினான். "ஒபதியா அண்ணே, இப்படி ஒரு நம்பரே இல்லையே. வழக்கம்போல உங்ககிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன்." திருப்பி அனுப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டேன். பிறத்தியார் கடிதத்தை ஒருநாளும் பிரிக்காத கை, அக்கா, அன்றைக்குப் பிரித்துவிட்டது. உள்ளே ஹெஸ்டர் வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒன்பது வருஷம் படுத்திருந்தீர்களே, அம்மா, அப்போது உங்களோடு பேசிக்கொண்டிருந்தது யார்?" என்று கேட்டிருந்தாள்.

பதில் போடாமல் விட மனசு வரவில்லை. எழுத்தைச் சாய்த்து, ஜெமிமா கிளஃப் என்று கையெழுத்துப் போட்டு, ஊரின் அந்தக் கோடியிலிருந்த தபால் பெட்டியில் சேர்த்தேன். வியாதியைப் பற்றி எனக்கு என்ன தெரியும், எனவே கால்வாயைப் பற்றி எழுதினேன். சாயப்பட்டறைத் தண்ணீர் செவ்வாய்க்கிழமை நீலமாகவும் வியாழக்கிழமை சிவப்பாகவும் ஓடுவதையும், அங்கே வந்து நிற்கும் நாரைக்கு ஒரு கால் மட்டும் நீலமாகிவிட்டதையும் எழுதினேன். அவள் பதில் எழுதினாள். நான் மறுபடி எழுதினேன். இப்படி ஆறு கடிதம் போய்விட்டது. ஒவ்வொன்று வந்ததும் அவள் அதை எனக்கே வாசித்துக் காட்டுவாள். "எவ்வளவு அழகா எழுதறா பாருங்க, மிஸ்டர் சக்டன்." பரவாயில்லை என்பேன். "இவ புருஷன் குடுத்து வச்சவன்" என்பாள். அந்தக் கிளஃப் அம்மாள்மீது எனக்குப் பொறாமையாகவே வந்துவிட்டது. ஹெஸ்டரின் கடிதம் ஒன்றில் கடிகாரத்தைப் பற்றி ஏதோ வந்தது. இப்போது கடிகாரம் மேஜை இழுப்பறைக்குள் இருக்கிறது. அதனால் அல்ல, அதன் சுருளுக்கும் ஓய்வு வேண்டும்.

மருந்தையும் குறை சொல்ல முடியாது. புட்டியில் அளவு மளமளவென்று இறங்குகிறது, ஹெஸ்டர் தவறாமல் குடிக்கிறாள். நான் சோதனைக்கு மட்டும் எடுக்கிறேன், குறித்தும் வைத்திருக்கிறேன். பிப்ரவரி 20, இரண்டு கரண்டி, முழங்கால் வலி போயிற்று. மார்ச் 3, மூன்று கரண்டி, காலையில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது இனிமையாகக் கேட்டது. உள்ளே இருப்பது பெரு நாட்டு மூலிகையேதான் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது.

இப்போது ஹெஸ்டர் படி இறங்குகிறாள், அடுப்பு மூட்டுகிறாள், பாடக்கூடச் செய்கிறாள். நேற்றுக் காலையில் என் தலையில் இடியைப் போட்டாள். "ஞாயித்துக்கிழமை ஜெபக்கூட்டம் முடிஞ்சதும் கிளஃப் அம்மாவைப் பார்த்துட்டு வரேன். சீமைச் சீரகம் போட்டு ஒரு கேக் பண்ணிக்கறேன். பதினாலாம் நம்பர்தானே, நானே போய்க்குவேன். நீங்க வரவேண்டாம்." அவள் கேக்கும் கையுமாக அந்த மதில் முன்னால் நிற்பதை நினைத்துப் பார். யாரை நம்பி எழுந்தாளோ அவள் இல்லை என்று தெரிந்தால் என்ன ஆவாள். ஆகையால் இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கிளஃப் அம்மாளின் அக்கா எழுதுவதுபோல, ஜெமிமா திடீரென்று மகனோடு கனடாவுக்குக் கப்பலேறிவிட்டாள், இனிக் கடிதம் எழுதச் சௌகரியப்படாது என்று அதில் இருக்கிறது. அதை உன் கையெழுத்தில் நகல் எடுத்து, ஹெஸ்டர் பேருக்கு, வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் போட்டுவிடு. தபால்காரன் பெண்டாட்டி, முதலில் முத்திரையைத்தான் பார்ப்பாள். உன் எழுத்து அவளுக்கு அவ்வளவு பழக்கமில்லை, கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட அத்தான்தானே எழுதுகிறார். உன்னிடம் சொல்வதற்கென்ன, அந்த அம்மாள் கப்பலேறுவதில் எனக்கு வருத்தம்தான். அவளாக இருந்து எழுதும்போது எனக்குப் பேச நிறைய இருந்தது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், கர்த்தர் உங்கள் கூரையையும் குடலையும் காக்கட்டும். பத்தாகிவிட்டது, என் பழைய தெருக்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உறையை ஒட்டுகிறேன். அதுவரை இது பொத்தான் பெட்டிக்கு அடியில் இருக்கும், அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

உன் கீழ்ப்படிந்த தம்பி,
ஒபதியா சக்டன்.

பின்குறிப்பு: அக்கா, இது ஹெஸ்டர். பொத்தான் பெட்டி என்னுடையது என்பதை அவர் மறந்துவிட்டார். கல்யாணமான புதிதில் நாலு வருஷம் அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது அந்த டான்பிட் சந்து மதில்மேல்தான். பதினாலாம் நம்பர் கிடையாது என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். விலாசம் தெரியாத கடிதத்தை பிரெட் யாரிடம் கொண்டுவருவான் என்பதும் தெரியும். முப்பத்தோரு வருஷம் ஊர் முழுக்கக் கடிதம் கொண்டுபோனவர் எனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை, ஒருதரம் வருகிறதா பார்ப்போமே என்றுதான் எழுதிப் போட்டேன். மருந்தை முதல் நாளே துப்பிவிட்டேன். புட்டி இறங்குவது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து அதில் இருப்பது ஆறிய தேநீரும் கொஞ்சம் கரும்புப் பாகும், ஆனாலும் அவர் முழங்கால் தேவலை என்பதில் எனக்குச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றது, அந்த அம்மாளுக்குப் பதிலாக அவரே வந்து நிற்கிறாரா என்று பார்க்கத்தான். அவசரப்பட்டுவிட்டேன். கடிதத்தை நானே ஒட்டித் தபாலில் போட்டுவிடுகிறேன், பிரெட் வந்து வாங்கிப் போய்விட்டதாகச் சொல்லிக்கொள்கிறேன். அவர் கேட்டபடியே எழுதுங்கள், கனடாவை மட்டும் அடித்துவிடுங்கள். கிளஃப் அம்மாள் கடற்காற்றுக்காக ஸ்கார்பரோவில் தன் அக்கா வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறாள், இனி அங்கிருந்து எழுதுவாள் என்று போடுங்கள். அந்த அம்மாள் பேரில் அவர் உங்களுக்கு எழுதி அனுப்புவதை நீங்கள் எனக்குத் தபாலில் சேர்த்தால் போதும். அந்த நாரையின் இன்னொரு கால் என்ன ஆயிற்று என்று அவர் இன்னும் எழுதவில்லை.