எல்வியோவின் இரண்டு தட்டு மீன்

எப்பாடுபட்டாவது இன்றைய பந்தயத்தைப் பார்த்தே தீருவது என்று எல்வியோ காலையிலேயே சபதம் எடுத்துக்கொண்டான். பெரிய சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். அவன் ஊர்ப் பையன் பெர்த்தோனிதான் முன்னணியில் இருந்தான். இதற்கு முட்டுக்கட்டை ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் மிரெல்லா. அவனுடைய மனைவி.

"வருஷம் பூரா சோபாவுல சாஞ்சுக்கிட்டு மத்தவன் சைக்கிள் ஓட்டுறதைப் பாக்குற. இந்த ஒரு வாரம் நீ ஓட்டு. டிவி இருக்குற பக்கம் தலை வச்சுப் படுக்கக்கூடாது, ஆமா!" என்று மிரட்டித்தான் அவனை இந்த சைக்கிள் விடுமுறைக்கே கிளப்பியிருந்தாள்.

கடலோர நகரமான ஃபானோவில் அவள் ஒரு சந்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பழைய காலத்துக் கல் தோரணவாயில், மீன்பிடித் துறைமுகம், மதிலோரத் தெரு என்று காலை முழுக்க மிதிக்க வைத்தாள். எல்வியோவின் முழங்கால்கள் அழாத குறை. மதியம் கடற்கரை உணவகம் ஒன்றில் போய் விழுந்தார்கள். உள்ளே ஏசி. சுவரில் டிவி. அவன் மூளை சுறுசுறுப்பானது.

"சாப்பிட்டுட்டுக் கடல்ல குளிக்கலாமா?" என்றாள் மிரெல்லா.

"ஐயையோ! சாப்பிட்டு மூணு மணி நேரம் தண்ணியில கால் வைக்கலாமா? எங்கம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுவாங்களே! வயித்துல குளிர் இறங்குச்சுன்னா ஆள் அவ்வளவுதான். இங்கேயே உக்காந்திருப்போம். மெதுவா செரிக்கட்டும்."

"ஆமாமா. உசுரு முக்கியம்ப்பா."

இவ்வளவு சுலபமாக மடங்குவாள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. பொரித்த மீன் இரண்டு தட்டு வந்தது. மிரெல்லா தன் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இதையும் நீயே சாப்பிடு. மிதிச்சு மிதிச்சுக் களைச்சுப் போயிருக்க. எனக்குப் பசியில்ல."

எல்வியோ பாசத்தில் உருகிப்போனான். உருகியபடியே இரண்டு தட்டையும் காலி செய்தான். டிவியில் சைக்கிள்கள் தெரிந்தன. நாற்காலியைத் திருப்பினான்.

"எந்திரி," என்றாள் மிரெல்லா.

"எங்க?"

"வெளிய. வேர்த்த உடம்பு. கழுத்து வரைக்கும் சாப்பாடு. தலைக்கு நேர் மேல ஏசி. வயித்துல குளிர் இறங்கவா? உங்கம்மா உனக்கு மட்டுந்தான் சொன்னாங்களா?"

"கொஞ்ச நேரம்தானம்மா..."

"மூணு மணி நேரம். நீதான சொன்ன?"

எல்வியோ நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான். சொன்னது அவனேதான். அவனுக்கே உள்ளூரப் பயம். வயிற்று விஷயத்தில் அம்மா சொன்னதை மீறும் துணிச்சல் அந்தக் கடற்கரையில் எவனுக்கும் கிடையாது.

மணலில், குடை நிழலில், வயிற்றைச் சுற்றித் துண்டைக் கட்டி அவனை உட்கார வைத்தாள். "நான்தான் எதுவும் சாப்பிடலையே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் நடந்தாள். வெயில் கொளுத்தியது. எல்வியோ கண் அசந்துவிட்டான்.

உணவகத்திலிருந்து ஓவென்று கிளம்பிய கூச்சலில்தான் விழித்தான். யார் ஜெயித்தது? எக்கி எக்கிப் பார்த்தான். ஜன்னலில் ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

அப்போது மிரெல்லா வந்தாள். தலைமுடி ஒன்றுகூட நனைந்திருக்கவில்லை. அவள் வந்தது கடல் பக்கமிருந்தும் அல்ல.

"மயிரிழையில உங்க ஊரு பெர்த்தோனி ஜெயிச்சுட்டான்! அடேங்கப்பா, கடைசியில என்னமா மிதிச்சான் தெரியுமா?"

"நீ... நீ பாத்தியா?"

"பூராவும் பாத்தேன். ஏசிக்கு நேர் கீழதான் எடம் கிடைச்சுது. எனக்கென்னப்பா பயம், வெறும் வயிறுதான!"