ஞாயிற்றுக்கிழமை டோஸ்ட்

“போதுமான அளவுன்னா எத்தனை கிராம்?”

“போதுமான அளவுன்னா போதுமான அளவுதான். இதுக்கெல்லாமா தராசு வைப்பாங்க?” என்றாள் மனைவி போனில்.

பல்செட்காரர் தராசு வைத்திருந்தார். சமையல் மேடையில் அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய ரொட்டி, சீஸ் டப்பா, வெண்ணெய், சர்க்கரை, இனிப்புக் கெட்டிப்பால் டின் எல்லாம் வரிசையாக நின்றன. மணி இரண்டு. நாலு மணிக்கு டாக்டரம்மா வருகிறார்.

பல் ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாக பொய்ப்பல் செய்கிறவர் அவர். அரை மில்லிமீட்டர் பிசகினால் நோயாளி தன் கன்னத்தையே மென்றுவிடுவார். அப்படிப்பட்ட மனுஷரிடம் ‘போதுமான அளவு’ என்று சொல்வது, பெற்றவர்களை இழுத்துத் திட்டுவதற்குச் சமம்.

“சரி விடு. தவால முதல்ல போறது வெண்ணெயா, ரொட்டியா?”



“நீங்க எதுக்கு இன்னைக்குப் போய் டோஸ்ட் பண்றீங்க? நான்தான் சாயங்காலம் அக்கா வீட்டுலேருந்து வந்துடுவேனே.”

“சும்மாதான். ஒரு ஆசை.”

“பதினோரு வருஷமா அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்காதவருக்கு இன்னைக்கு ஆசையா? இருங்க, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்.”

உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாய்தான் இத்தனைக்கும் காரணம்.

ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க ‘சர்க்கரை பல்லுக்கு எமன்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறவர் டாக்டரம்மா. சொன்னதைச் செய்கிறவர். தன் வீட்டிலிருந்தும் சர்க்கரையை எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே விரட்டிவிட்டார். மூன்று வாரம் முன்பு ஒரு மதியம், பல்செட்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஏதோ பல்லைப் பார்க்க லேப் அறைக்குள் வந்தார். மரியாதைக்கு மனைவி கொடுத்தனுப்பிய டோஸ்ட் டப்பாவை நீட்டினார் இவர். மரியாதைக்கு ஒரு ஓரம் கடித்தார் அவர். பிறகு மிச்ச மூன்று ஓரம். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து இன்னொரு டோஸ்ட்.

“இனிப்பும் க்ரீமுமா என்ன இது! யார் பண்ணினது?”

‘என் மனைவி’ என்று இரண்டே வார்த்தை. சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் புதுக் கிளை திறக்கப் போவதாகவும், அதன் லேபுக்குத் தலைவராக இவரையா, பக்கத்து நாற்காலியில் மெழுகு வேலை செய்யும் மெழுகண்ணனையா போடுவது என்று டாக்டரம்மா யோசிப்பதாகவும் ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு அடிபட்ட வாரம் அது.

“நான்தான் மேடம்” என்று விட்டார்.

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பல் கட்டறவனுக்குக் கைப்பக்குவம்தான் தம்பி எல்லாம். இப்படி டோஸ்ட் பண்ற கை பொய் சொல்லாது.”

கை பொய் சொல்லவில்லைதான்.

அன்றிலிருந்து தினம் ஒரு டோஸ்ட் டாக்டரம்மாவுக்கு. போன வெள்ளிக்கிழமை அவரே சொல்லிவிட்டார். “ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வர்றேன். நீங்க பண்றதை என் கண்ணால பாக்கணும். திங்கட்கிழமை புது லேப் யாருக்குன்னு அறிவிக்கறேன். என் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வர்றேன், அவருக்கும் கத்துக் கொடுங்க. ரிட்டயர் ஆனதுலேருந்து மனுஷன் ஒரு துரும்பை நகர்த்தறதில்ல. தண்ணிகூட சுட வைக்கத் தெரியாது. விடியக்காலை நாலரைக்கு வாக்கிங்னு கிளம்பினா எட்டு மணிக்குத்தான் திரும்பறார். மூணு வருஷமா நடக்கறார், தொப்பை ஒரு இஞ்ச் குறையணுமே!”

போன் அடித்தது. மனைவிதான். குரல் இறங்கியிருந்தது.

“வேணாங்க. இன்னைக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை அது சரிப்படாது.”

“ஞாயித்துக்கிழமைக்கும் சீஸுக்கும் என்னம்மா பகை?”

“சரிப்படாதுன்னா சரிப்படாது. யாராவது வர்றாங்கன்னா பிஸ்கட் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைங்க.”

“யாரும் வரலையே! யார் சொன்னா?” என்று பதறிப் போனை வைத்தார்.

யோசித்துப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வீட்டில் டோஸ்ட் கிடையாதுதான். ‘அடுப்புக்கும் ஒரு நாள் லீவு வேணாமா?’ என்பாள். அதே அடுப்பில் மற்ற எல்லாம் வேகும். வாரநாட்களில் அவர் ஏழு மணிக்கு எழுந்திருக்கும்போது டோஸ்ட் டப்பாவுக்குள் போயிருக்கும். அவள் சுறுசுறுப்பை நினைத்து அவர் பல தடவை நெகிழ்ந்திருக்கிறார். ஒரு தடவைகூட எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

சரி, ஒரு டோஸ்ட். மலையையா புரட்டப் போகிறோம் என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

வெண்ணெய் பதினைந்து கிராம், ரொட்டி, மேலே சீஸ், அதன் மேல் சர்க்கரை இருபது கிராம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடிப்பக்கமும் இனித்தால் டாக்டரம்மா சொக்கிப்போய்விடுவாரே என்று தோன்றிய நொடியில் சனி பிடித்தது. தவாவிலும் ஒரு கை சர்க்கரையைத் தூவினார். சர்க்கரை உருகியது, சிவந்தது, கறுத்தது, புகைந்தது. அவர் அவசரமாக ஜன்னலைத் திறந்தார். புகை வெளியே பொங்கி நேராகக் கீழ்வீட்டுக்காரர் கண்ணில் பட்டது.

கீழ்வீட்டில் இருப்பவர் தீயணைப்பு நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து எங்காவது ஒரு புகை வராதா என்று காத்திருந்தவர். மூன்று மூன்று படியாகத் தாவி ஈரச் சாக்கோடு வந்து நின்றார்.

“அண்ணே, ஒண்ணுமில்லண்ணே, டோஸ்ட்டுண்ணே!”

“தள்ளு தம்பி! முதல்ல உயிர், அப்புறம் டோஸ்ட்டு!”

ஈரச் சாக்கு அடுப்பின் மேல் விழுந்தது. அதன் மேல் ஒரு வாளித் தண்ணீர். பாதி ரொட்டி குளித்தது. சர்க்கரை டப்பா பாகானது.

“வீட்லேருந்து இங்க வந்து அணைக்க நாப்பது செகண்டு!” என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பூரித்தார் அவர். “பழைய கை தம்பி. மறக்குமா?” சாக்கை நினைவாக விட்டுவிட்டுப் போனார்.

மணி மூன்று. நனையாமல் தப்பிய ரொட்டித் துண்டுகள் ஆறு. அடுப்போ நனைந்துபோய், லைட்டரை எத்தனை தடவை சொடுக்கினாலும் பற்றவில்லை.

மனைவி தலை உலர்த்தும் மெஷின் நினைவுக்கு வந்தது. ஆஹா, மூளை என்றால் இதுவல்லவா மூளை! கொண்டுவந்து அடுப்பின் பக்கமாகத் திருப்பிப் பட்டனை அழுத்தினார். அடுப்பு உலர்ந்தது. ஆனால் அடுப்புக்குப் பின்னால் சோளமாவு டப்பா திறந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. மாவு எழும்பி, கூரையைத் தொட்டு, நிதானமாக அவர் தலையில் இறங்கியது.

போகட்டும். அடுப்பு பற்றிக்கொண்டது. அதுவே பெரிது.

சர்க்கரை இல்லாத குறைக்குக் கெட்டிப்பாலைச் சீஸோடு கலந்தார். கலவை தண்ணியாக ஓடியது. கெட்டியாக்கச் சோளமாவு ஒரு கரண்டி போட்டார். ஓடியது. இன்னொரு கரண்டி. இன்னும் ஓடியது. மூன்றாவது கரண்டி போட்டுச் சூடு காட்டியதும், சொல்லாமல் கொள்ளாமல் இறுகிவிட்டது. லேபில் தினம் குழைக்கிற பிளாஸ்டர்கூட இறுகுவதற்கு முன் ஒரு நிமிஷம் அவகாசம் கொடுக்கும்.

ரொட்டியில் தடவி, சுட்டு, ஒரு கடி கடித்தார். பல் உள்ளே போனது. வெளியே வர மறுத்தது. இரண்டு கையாலும் டோஸ்ட்டைப் பிடித்து இழுத்து விடுவித்துக்கொண்டு பார்த்தார். முன்பல் ஆறும் அச்சு அசலாகப் பதிந்திருந்தன. இத்தனை சுத்தமாக ஆஸ்பத்திரியில்கூட அவர் அச்சு எடுத்ததில்லை. தன் கோரைப்பல் கொஞ்சம் திரும்பியிருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

அடுத்த மூன்று துண்டுகளுக்கும் அதே கதிதான். மிச்சம் இரண்டு துண்டு, கொஞ்சம் சீஸ், டின்னின் அடியில் கொஞ்சம் கெட்டிப்பால்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. மணி மூன்று நாற்பது.

“மனசு கேக்கல தம்பி, சீக்கிரமே வந்துட்டோம்!” என்று வாசலில் நின்றார் டாக்டரம்மா. ஒரு கையில் புது நோட்டுப் புத்தகம், மறு கையில் கணவரின் முழங்கை. ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வந்த மாதிரி இருந்தது. கணவர், வழுக்கையும் தொப்பையுமாகச் சாதுவான மனுஷர், கதவு எண்ணையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“வேணாம்மா. ஞாயித்துக்கிழமை அவங்களைப் போய் எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? எனக்கு வேற லேசா தலை சுத்துது.”

“டோஸ்ட் சாப்பிட்டா சரியாயிடும். தினம் அஞ்சு கிலோமீட்டர் நடக்கறவருக்கு ஒரு மாடி ஏறினா தலை சுத்துதாம்! வாங்க உள்ள. ஏன் தம்பி, தலை ஏன் வெள்ளையா இருக்கு?”

“பிளாஸ்டர் மேடம். இல்ல, மாவு. நீங்க உக்காருங்க, முதல்ல தண்ணி…”

“தண்ணி குடிக்கவா வந்தேன்? மூணு வாரமா கனவுல டோஸ்ட் வருது! எட்டு வருஷம் எதுக்குடா நாக்கைக் கட்டினோம்னு ஆயிடுச்சு. சமையல்கட்டு எந்தப் பக்கம்?”

பல்செட்காரர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். டாக்டரம்மா வலது பக்கம் போனார், இவரும் வலது பக்கம். இடது பக்கம், இவரும் இடது பக்கம். புது லேப், கண்ணாடிக் கதவு, தலைவர் நாற்காலி எல்லாம் கண் முன்னால் வந்து மெழுகண்ணனைப் பார்த்துச் சிரித்தன.

டாக்டரம்மாவின் கைப்பையில் போன் அலறியது.

“சொல்லுங்க. என்னது, முழுங்கிட்டீங்களா? எந்தப் பல்லை? பதறாதீங்க, முதல்ல உக்காருங்க.” பேசிக்கொண்டே பால்கனிக்கு நடந்தவர், திரும்பிப் பார்த்து, “தம்பி, ஆரம்பிச்சுடாதீங்க! இதோ வந்துட்டேன். இவரைக் கூட்டிட்டுப் போய்ச் சாமான் எல்லாம் காட்டுங்க!” என்றார்.

வேறு வழியில்லாமல் கணவரைச் சமையலறைக்குள் கூட்டிப் போனார் பல்செட்காரர்.

கணவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கறுத்த தவா. ஈரச் சாக்கு. மாவு படிந்த கூரை. கடைசியாக, பல் பதிந்த டோஸ்ட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பதினாலு வருஷம் ஒரு பல்லைக்கூடப் பிசகாமல் கட்டியவர், ஒரு துண்டு ரொட்டியிடம் தோற்றுப் போனார். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சொல்லிவிட்டால் நாற்காலி போகும். மானமாவது கொஞ்சம் மிஞ்சும்.

“ஐயா, மன்னிச்சுக்குங்க. எனக்கு டோஸ்ட் பண்ணவே தெரியாது. அது என் பொண்டாட்டி பண்றது. பேராசையில நான் பண்றதா சொல்லிட்டேன். மேடம் வந்ததும் நானே சொல்லிடறேன்.”

“உங்க பொண்டாட்டி பண்றதா?” என்றார் கணவர். அந்த முகத்தில் முதல் தடவையாக ஒரு கோபம் எட்டிப் பார்த்தது.

பால்கனிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். சமையலறைக் கதவை ஓசைப்படாமல் சாத்தினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தவாவை இரண்டே தேய்ப்பில் பளிச்சென்று ஆக்கினார். மிச்சமிருந்த சீஸை விரலால் குழைத்தார். கெட்டிப்பாலைப் பார்க்காமலே விட்டு, பார்க்காமலே நிறுத்தினார். தராசை ஓரமாகத் தள்ளினார். தீயைக் குறைத்து, ரொட்டியை வெண்ணெயில் வைத்து, மூடி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ எண்ணினார். மூடியைத் திறந்தார்.

மணம் வந்தது. தினம் மதியம் டப்பாவைத் திறந்தால் வருமே, அதே மணம். பல்செட்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“தம்பி! வாசனை வருது! என்னை விட்டுட்டு ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று கத்திக்கொண்டு டாக்டரம்மா ஓடி வரும் சத்தம் கேட்டது.

கணவர் சட்டென்று கரண்டியைப் பல்செட்காரர் கையில் திணித்து, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, காதோரம் குனிந்து சொன்னார்:

“புடிங்க தம்பி, நீங்களே பண்ணின மாதிரி நில்லுங்க. ஞாயித்துக்கிழமை நான் ஆர்டர் எடுக்கறதில்லன்னு உங்க வீட்டம்மாகிட்ட ரெண்டு மணிக்கே போன்ல சொல்லிட்டேனே!”