முதலாளியைக் கிழித்த படம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் 'விமர்சனம்' அண்ணன் மார்க் போடாதது சூரியன் ஒன்றுக்குத்தான் என்று நினைத்திருந்தோம். ஒரு கத்திரி வெயிலில் அண்ணாந்து பார்த்து, "ஓவர் ஆக்டிங்" என்று அதையும் முடித்துவிட்டார்.

நான் ஸ்டோரில் வேலை பார்த்த இரும்பு ஆலையில், அவர் கம்பி உருட்டும் பிரிவு. கேன்டீன் சாம்பாருக்கு, "ஃபர்ஸ்ட் ஆஃப் பரவால்ல, அடில போகப் போக இழுவை." மேனேஜர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து, "காஸ்டிங் தப்பு" என்று சத்தமாகச் சொல்லி, பாதிச் சாப்பாட்டில் எங்கள் எல்லோரையும் எழுந்து வர வைத்தார்.

பழுக்கக் காய்ந்த கம்பி அவருடைய இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், "ஸ்டண்ட் ஓகே. டூப் போட்டிருக்கலாம்" என்றார். கவனக்குறைவு என்று சொல்லிக் கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. அதற்கு மட்டும் அவர் மார்க் போடவில்லை.

கிரேன் ஓட்டும் பாபுதான் ஆரம்பித்தான். வந்தபோது ஓடாமல், பிறகு செல்போனில் பரவி ஊரே கொண்டாடிய நையாண்டிப் படம் ஒன்று திருவள்ளூரில் மறுபடி ரிலீஸ்.

"கொஞ்சம் கெட்ட வார்த்தைக்கீதுண்ணா. ஆனா நம்ம கம்பெனி மாதிரியே. மொதலாளிய நார் நாரா கிழிச்சிருக்கான்."

"நெசமாவா?" என்றார் அண்ணன். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட சட்டையில், வேப்பம்பட்டு வீட்டிலிருந்து அண்ணியையும் அழைத்துக்கொண்டு தியேட்டருக்கு வந்தார்.

படத்தில் முதலாளி மூன்று காட்சிகளில் வந்தார். மற்றபடி தொழிலாளிகளின் லுங்கி அவிழ்ந்தது, கக்கூஸில் மாட்டிக்கொண்டார்கள், ஒருவர்மேல் ஒருவர் வாந்தி எடுத்தார்கள். பிறகு விரல் போன ஒருவன் வந்தான். அவனை விரல் விட்டு எண்ணச் சொல்வார்கள். எண்ண எண்ணத் தப்பும். பின்வரிசையினர் அந்த வசனத்தை அவனுக்கு முன்பே சொல்லி விசிலடித்தார்கள். அண்ணி முந்தானையை எடுத்து அண்ணனின் கைமேல் போட்டார். அவர் அதை விலக்கிவிட்டு, கையை மடியில் வைத்தபடியே கடைசிவரை பார்த்தார்.

வெளியே வந்ததும், "இன்னாண்ணா..." என்று இழுத்தான் பாபு.

"மொதலாளிய கிழிச்சிருக்கான்னியே நைனா, அவன் சட்டைல ஒரு பட்டன்கூடப் போகல. நம்மளத்தான் அவுத்து வுட்டுருக்கான். அத நாமளே டிக்கெட் எடுத்துக்கினு வந்து பாத்தோம்."

"ஊட்டுக்குப் போலாம், வாய்யா" என்றார் அண்ணி.

அந்த வாரம் அவர் எதற்கும் மார்க் போடவில்லை. கேன்டீன் மாஸ்டரே தேடி வந்து, "சாம்பார் எப்டிக்கீதுண்ணா?" என்று கேட்டார்.

"நல்லாக்கீது."

மாஸ்டர் பயந்துபோய்விட்டார். பாபு தன் போனில் வைத்திருந்த அந்தப் படத்தின் ரிங்டோனை மாற்றினான். யாரும் மாற்றச் சொல்லவில்லை.

டிவியில் அந்தப் படம் வந்தால் இப்போதும் நான் சேனலை மாற்றிவிடுவேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

"அதுல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர கிண்டல் பண்றாங்க" என்பேன்.