பீர்க்கன்கரணை சறுக்கு பெஞ்சு

கமிட்டியில் இருப்பவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கமிட்டியில் இருப்பதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பீர்க்கன்கரணையில், இந்த உண்மையைத் தரையில் விழுந்து கண்டுபிடித்தவன் நான்.

அப்போது சிவில் டிப்ளமோ முடித்துவிட்டுச் சட்டைப் பையில் மூன்று பேனாக்களோடு உலவுவேன் (மை இருந்தது ஒன்றில்தான்). எங்கள் குடியிருப்போர் சங்கம் ஜி.எஸ்.டி. ரோடு பஸ் நிறுத்தத்துக்கு பெஞ்சு போட முடிவு செய்து, டிசைன் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. சங்கத் தலைவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "எவனும் அதுல படுத்துத் தூங்கக் கூடாது."

உட்காரும் பலகையை முன்பக்கமாகச் சாய்த்து வரைந்தேன். படுத்தால் உருண்டு விழுவான். என் மேதைமையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

வெல்டிங் பட்டறையிலிருந்து இரண்டு பெஞ்சுகள் வந்து சங்கக் கொட்டகையில் இறங்கின. தினமும் அதே நிறுத்தத்தில் பஸ் ஏறி தாம்பரம் டெலிபோன் ஆபீசுக்குப் போகும் மெர்சி அக்கா, பார்க்க வந்தவர், உட்கார்ந்து பார்த்தார். மெல்ல வழுக்கிக் கீழே இறங்கினார்.

"தம்பி, இது உக்கார்றதுக்கா, சறுக்கறதுக்கா?"

"மாடர்ன் டிசைன் அக்கா. போகப் போகப் பழகிடும்."

அக்கா பெஞ்சையும் சுவரோரம் இருந்த சங்க நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். (அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.)

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்குப் போனால், கொட்டகையில் ஒரு நாற்காலிகூட இல்லை. நடுவில் என் பெஞ்சுகள். சுவரோரம் மெர்சி அக்காவும் தெருப் பெண்களும்.

"சேரெல்லாம் எங்கம்மா?" என்றார் தலைவர்.

"எங்க வூட்டு மாடியில பத்திரமா கீது சார்" என்றார் மெர்சி அக்கா. "இன்னிக்கு இதுலயே உக்காந்து மீட்டிங் நடத்துங்க. நாங்க தெனம் பஸ்ஸுக்கு நிக்கிற அளவு நேரம்தான்."

உட்கார்ந்தோம். வரவேற்புரை முடிவதற்குள் கமிட்டி மொத்தமும் காலை ஊன்றி வியர்த்துக்கொண்டிருந்தது. தலைவர் நழுவினார், பிடிமானத்துக்கு என் சட்டைப் பையைப் பிடித்தார். பை கிழிந்தது. பேனாக்கள், தலைவர், நான் என்ற வரிசையில் தரையை அடைந்தோம். கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது.

சிரித்து முடித்ததும் அக்கா ஒரு சாக்பீஸை எடுத்து என் கையில் கொடுத்தார். "வரை தம்பி. நாங்க சொல்றோம்."

ஒருத்தி கூடை வைக்கக் கீழே தட்டு கேட்டாள். நிறைமாதக்காரி, ஊன்றி எழக் கைப்பிடி கேட்டாள். பலகையைச் சமமாக்கச் சொல்லி எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அப்ப படுத்துத் தூங்குவானுங்களே!" என்றார் தலைவர், இடுப்பைத் தடவியபடி.

"தூங்கட்டுமே சார். நைட் ஷிப்ட் முடிச்சிகினு வர்றவன் பஸ் வர்ற வரைக்கும் கண்ணு மூடினா நமக்கு இன்னா நஷ்டம்?" என்றார் அக்கா.

என் டிப்ளமோவில் எந்தப் பாடத்திலும் வராத கேள்வி அது. அன்று தரையில் மண்டியிட்டு வரைந்ததைப் போல ஒரு நல்ல படத்தை அதற்குப் பிறகு நான் வரைந்ததில்லை. பட்டறையில் பெஞ்சுகளைப் பிரித்து, அப்படியே மாற்றிக் கொடுத்தார்கள்.

சில வருடங்கள் கழித்து ஊரப்பாக்கத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா சோபாவைக் காட்டி, "தைரியமா உக்காருங்க மாப்ள, வழுக்காது" என்றார். கதை எனக்கு முன்பே ரயிலேறிப் போயிருந்தது. உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை இன்றும் என் வீட்டில், நான் நாற்காலியை இழுக்கும்போதெல்லாம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.