நடவு ஏட்டு

தஞ்சாவூர் ஜில்லா ஆயுதப்படையில் துப்பாக்கியைப் பார்த்து நிஜமாகப் பயந்த ஒரே மனிதர், எங்களுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுத்த ஏட்டுதான். மற்றவர்களும் பயந்திருக்கலாம். ஆனால் மீசையை முறுக்கி மறைத்துக்கொண்டார்கள். இவர் மறைக்கவில்லை. காலையில் ரேஞ்சுக்குப் புறப்படும்போது, கடிக்குமோ என்று தெரியாத நாயைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு துப்பாக்கியையும் பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்குவார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சர்வீஸ் புத்தகத்தில் இருந்தது. ஆயுதப்படை வைத்த பெயர் 'நடவு ஏட்டு'. நான் அங்கே ஆயுத அறையைப் பார்த்துக்கொண்ட கான்ஸ்டபிள். துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, காலையில் கொடுத்து, சாயங்காலம் திரும்ப வாங்கி வைப்பது என் வேலை. இவர் பயிற்சி கொடுக்க வந்த நாளிலிருந்து ரம்பமும் ஆணியும் பிடிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது.

எல்லாம் அந்த இலக்குப் பலகைகளால்தான். எந்த ஊர் போலீசும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஆள் உருவத்தைத்தான் சுட்டுப் பழகும். நடவு ஏட்டு ஒரு நாள் என் ஜன்னலில் வந்து நின்றார்.

"யோவ், குனிஞ்சு கதிர் அறுக்கற பொம்பளை மாதிரி ஒரு பலகை அறுத்துக் குடு."

"சுடறதுக்காங்க?"

"சுடாம இருக்கறதுக்குய்யா."

நான் தச்சன் இல்லை. என் கையில் அந்தப் பெண்மணி கூன் விழுந்த ஒட்டகமாக வந்தாள். அவர் அதைச் சுற்றி வந்து பார்த்து, "பரவாயில்ல, பசியில குனிஞ்சா இப்படித்தான் இருக்கும்" என்று தூக்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வரப்பில் குந்தியிருக்கும் கிழவர் வேண்டும் என்றார். அதற்கடுத்து தலையில் நெற்கட்டோடு ஓர் ஆள், அப்புறம் ஒரு கன்றுக்குட்டி. இவ்வளவையும் வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில், நிமிர்ந்து நிற்கும் பலகைக்குப் பின்னால் அங்கங்கே நட்டுவைத்தார். பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்காமலே கேட்டார்: "என்னய்யா இது, ரேஞ்சா, மாட்டுச் சந்தையா?"

ஏட்டு அதோடு விட்டாரா? குறி பார்க்கிற ஒவ்வொருவனும் விசையைத் தொடுவதற்கு முன்னால், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உரக்கக் கத்த வேண்டும். "பின்னாடி என்ன?" என்று இவர் கூவுவார். "பின்னாடி கெழவன் ஐயா!" "பின்னாடி கன்னுக்குட்டி ஐயா!" என்று வரிசையாகப் பதில் வரும். கத்தாமல் சுட்டவன், மையத்தில் அடித்திருந்தாலும் முட்டை வாங்குவான். ஒருவன் ஆர்வக் கோளாறில் சுட்டு ஒட்டகத்தம்மாவின் தலையைத் துளைத்துவிட்டான். அந்தப் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு மைதானத்தைப் பத்து முறை சுற்றி வரச் சொன்னார். அவன் சுற்றி வந்தான். இவரும் வெயிலில் அவன்கூடவே சுற்றினார்.

நடவு என்ற பெயர் வந்தது புரட்டாசியில். ஒரு லாரி நிறைய போலீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டுபோய் ஒரு விவசாயியின் வயலில் இறக்கிவிட்டார். அரைக்கால் சட்டையோடு முப்பது பேர் சேற்றில் நின்று நாற்று நட்டார்கள். நடவுப் பெண்களுக்கு அன்றைக்குத் திருவிழா.

"ஏட்டையா, ஒங்க ஆளு கோரையப் புடுங்கி நடறாருங்க!"

"ஏம்மா, அவரு வேர மேல வச்சு நட்டுருக்காரு, இங்க வந்து பாருங்கடி!"

இவர் சிரிக்கவில்லை. வரப்பில் ஒரு மூங்கில் கழியை நட்டு, குனிந்திருக்கும் ஒவ்வொருவனின் தலையும் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கோடு கிழித்தார். "பாத்துக்க. நின்னவனுக்கு இது முட்டி. குனிஞ்சவனுக்கு இது மண்டை." இதையே அன்று முழுக்கச் சொன்னார். எங்களுக்கு அலுத்துப்போனது.

அதெல்லாம் ஆட்சி மாறிய புதுசு. மேடைகளில் உழவனை வானளாவப் புகழ்ந்தார்கள். வயலிலோ, கூலி நெல்லில் அரைப்படி கூடுதலாகக் கேட்ட கூலிக்காரர்களுக்கும் தரமாட்டேன் என்ற மிராசுதாருக்கும் நடுவில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நடுவில் என்று சும்மா சொல்கிறேன். மிராசுதார் வீட்டு மோரைக் குடித்துவிட்டு அவர் பக்கமாகத்தான் நின்றோம்.

கார்த்திகையில் திருச்சியில் துப்பாக்கி சுடும் போட்டி. எங்கள் ஆட்கள் வழக்கம்போல "பின்னாடி மண்மேடு ஐயா!" என்று கத்திக் கத்திச் சுட்டதில் நேரம் போய், கடைசி இடம் வாங்கி வந்தார்கள். அங்கிருந்த அதிகாரி, தஞ்சாவூரில் தண்ணீர் ஏதும் சரியில்லையா என்று விசாரித்தாராம். திரும்பி வந்த இன்ஸ்பெக்டர், என் ஜன்னலுக்கு எதிரேயே இவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னத் தூக்கி கஜானா வாசல்ல நிக்கவெக்கப்போறேன்."

"சரிங்கய்யா. இந்தச் சம்பா அறுவடை மட்டும் முடியட்டுங்க. அது வரைக்கும் பசங்கள என்கிட்ட விடுங்க."

"அறுவடைக்கும் ஒனக்கும் என்னய்யா?"

இதற்குப் பதிலை இன்ஸ்பெக்டர் போன பிறகு எனக்குச் சொன்னார். நான் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மின்ன நானும் ஒழுங்கான வாத்தியார்தான்யா. சுடச் சொன்னா முட்டிக்குக் கீழ சுடுன்னு மூணு மாசம் கத்திக் கத்திச் சொல்லிக்குடுத்தேன். ஒரு பய. அவன மாதிரி குறி எவனுக்கும் வராது. அறுவடைல தகராறு. கல்லெறிஞ்சுட்டு ஒருத்தன் ஓடறான். சுடுன்னு உத்தரவு. நான் சொன்ன மாதிரியே கால பாத்து சுட்டான். அது தப்பிப் போயி, அந்தாண்ட குனிஞ்சு அறுத்துக்கிட்டிருந்தவ தலையில பட்டுது. அவளுக்குத் தகராறே தெரியாது. கதிர கையில புடிச்சபடியே கெடந்தா."

"விசாரணை வெச்சாங்களா?"

"வெச்சாங்க. விதிப்படிதான் சுட்டிருக்குன்னு எழுதிட்டாங்க." என் பக்கம் திரும்பினார். "விதிய சொல்லிக்குடுத்தவன் நான்தானேய்யா. அந்தப் பய வேலய விட்டுட்டு எங்கியோ போயிட்டான். எங்க இருக்கான்னே தெரியல."

அதற்குப் பிறகு பலகை அறுக்கும்போது நான் முணுமுணுக்கவில்லை.

தை பிறந்தது. கீழ்த்தஞ்சையில் ஒரு கிராமத்தில் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பைத் தொடங்கியிருந்தார்கள். உள்ளூர் ஆட்கள் மறித்தார்கள். விடிந்ததும் எட்டுப் பேர் எட்டுத் துப்பாக்கியோடு வேனில் போனார்கள், இன்ஸ்பெக்டரோடு. எட்டுப் பேரும் இவருடைய பசங்கள். இவரைக் கூட்டிப்போகவில்லை.

பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது: கல்லெறி, துப்பாக்கியைத் தூக்கியாகிவிட்டது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை. இவர் என் ஆயுத அறைப் படியில் வந்து உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. டீ வாங்கி வைத்தேன், ஆடை படிந்து ஆறிப்போனது. அவர் இல்லாத நேரத்தில் அவரை மாதிரி நடித்துக் காட்டி ஊரைச் சிரிக்கவைத்தவன் நான். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், துடைத்த துப்பாக்கியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு வேன் வந்தது. ஒருவனுக்கு உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். எட்டுப் பேரும் துப்பாக்கிகளை வரிசையாக ஜன்னலில் வைத்தார்கள். இவர் எழுந்து நின்றார். துப்பாக்கிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

சுட்ட துப்பாக்கி என்றால் குழலில் மருந்து நெடி அடிக்கும், ஒளிக்க முடியாது. ஒன்றொன்றாகத் திறந்து முகர்ந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவதில் ஏதோ அடிப்பதுபோல இருந்தது. மறுபடி முகர்ந்தேன், சேறு. எட்டாவதையும் கீழே வைத்தேன்.

"எண்ணெ வாசனைதாங்க. எட்டுலயும்."

உதடு கிழிந்தவன்தான் அப்புறம் சொன்னான். "குறி பாருன்னு இன்ஸ்பெக்டர் அய்யா சத்தம் போட்டாருங்க. பழக்க தோஷம், எட்டுப் பேரும் கத்திட்டோம். பின்னாடி அறுப்புக்காரங்க ஐயா, குனிஞ்சிருக்காங்க ஐயான்னு. அது காதுல விழுந்து அந்தப் பொம்பளைங்க அருவாளப் போட்டுட்டு அப்படியே அறுத்த தாளுமேல படுத்துட்டாங்க. அய்யாவும் திரும்பிப் பாத்தாரு. சுடுன்னு சொல்லல. தடிய எடுக்கச் சொல்லிட்டாரு."

தடியடியில் இரண்டு கூலிக்காரர்களுக்குக் கை முறிந்தது. ஒரு கிழவருக்கு மண்டை உடைந்தது. அரைப்படி கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டைக் கெடுத்தார் என்று எழுதி, அடுத்த வாரமே இவரைக் கஜானா வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். என் பலகைகள் சமையல்கூடத்து அடுப்புக்குப் போயின. எங்கள் ஆயுதப்படையில் அன்று நடந்ததைப் பெருமையாக யாரும் பேசவில்லை, பேச அதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தச் சாயங்காலம், பையன்கள் போன பிறகு, அவர் படியில் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நாற்பத்தைந்து வயது ஏட்டு, சீருடையோடு. எனக்கு அவரை எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தேன். கையெல்லாம் எண்ணெய்.

"சட்ட கறையாவுதுய்யா" என்றார்.

"ஆவட்டுங்க" என்றேன். அவரும் நகரவில்லை, நானும் கையை எடுக்கவில்லை.