எடி மார்லோவின் நீலக் கையெழுத்து

பாதி அட்டை உள்ளே, பாதி வெளியே. அந்த நிலையில், கடதாசிக்குப் பிளாஸ்ரிக் உறை ஒட்டுகிற லமினேற் மெசின் "க்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. 

"போ ராசா, போ," என்று சிவதர்ஷன் மெசினைத் தடவிக் கொடுத்தான். அது போகவில்லை. பிளாஸ்ரிக் எரிகிற மணம்தான் வந்தது.

மாட்டியது வேறு ஏதாவது என்றால் ஒரு தேத்தண்ணியைப் போட்டுக் குடித்துவிட்டு ஆறுதலாகக் கழற்றியிருப்பான். மாட்டியது அவன் மனைவி றொஷானியின் எடி மார்லோ. பேஸ்போல் ஆட்டக்காரர் எடி மார்லோவின் படம் போட்ட அட்டை. படத்தின் மேல் நீல மையில் அவருடைய சொந்தக் கையெழுத்து.

றொஷானி ரொறொன்ரோவில் வளர்ந்தவள். கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்தபோது ஒரு பெட்டியில் சேலைகளும் மற்றப் பெட்டியில் பேஸ்போல் அட்டைகளும் கொண்டுவந்தாள். சேலைப் பெட்டி இன்னும் முழுதாகத் திறக்கப்படவில்லை. அட்டைகளோ கோலியர்ஸ் வுட் வீட்டின் முன்னறையில் ஆல்பம் ஆல்பமாகக் குடியேறிவிட்டன. அவற்றில் மார்லோவுக்கு மட்டும் தனிக் கண்ணாடிச் சட்டம். அந்த வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்த மரியாதை அவருக்குத்தான். சில நாட்களில் சாமி அவருக்கு அடுத்ததாகப் போவதும் உண்டு.

அந்தக் கையெழுத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. அப்போது றொஷானிக்குப் பன்னிரண்டு வயது. மார்லோ விளையாடும் ஆட்டத்துக்கு ரிக்கெற் எடுத்து வைத்திருந்த சமயம் பார்த்து அவளுக்கு அம்மாள் வருத்தம் வந்துவிட்டது. உடம்பெல்லாம் கொப்புளத்தோடு அழுத பிள்ளையிடம் அட்டையை வாங்கிக்கொண்டு போனார் தகப்பன் கிருஷ்ணராசா. தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்த கையோடு மைதான வாசலில் மழையில் காத்துநின்று, மார்லோவை மறித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாராம். சிவதர்ஷனைப் பெண்பார்க்க வரச்சொன்ன அன்றைக்கே றொஷானி இந்தக் கதையைச் சொல்லிவிட்டாள். கலியாண மண்டபத்தில் மாமா ஒருமுறை சொன்னார். பிறகு தொலைபேசியில் பலமுறை சொன்னார். ஒவ்வொரு முறையும் மழை கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது.

"அப்பா எனக்குச் செய்ததிலயே ஆகப் பெரிய விசயம் அதுதான், தர்ஷன். வீடு எரிஞ்சாலும் முதல் அதைத்தான் தூக்குவன்," என்பாள் றொஷானி.

"அப்ப நான்?"

"நீங்கள் நடந்து வருவீங்கள்தானே."

அப்படிப்பட்ட அட்டையைக் கொண்டுபோய் இவன் ஏன் மெசினுக்குள் விட்டான் என்றால், பழக்கதோஷம். ஜேர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் மழையில் நனைந்து கரைந்த ஒரு பிறப்புச் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவன் அவன். அதற்குப் பிறகு கடதாசி என்று ஒன்று கைக்கு வந்தால் அதை லமினேற் பண்ணாமல் அவனுக்கு நித்திரை வராது. விசாக் கடிதம், கலியாண அத்தாட்சி, கோயில் திருவிழா நோட்டீஸ், குப்பை எடுக்கிற நாட்களைச் சொல்லிக் கவுன்சில் அனுப்பிய தாள் எல்லாம் அந்த வீட்டில் பிளாஸ்ரிக்குக்குள்தான் வாழ்ந்தன.

இன்றைக்கு மாமாவும் மாமியும் கனடாவிலிருந்து முதன்முதலாக வருகிறார்கள். றொஷானி வேலை முடிய நேரே விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவாள். எலெக்ரீசியன் பெடியன் வேண்டாம், எக்கவுண்டன்ற் யாராவது பார்ப்போம் என்று அந்த நாளில் முரண்டு பிடித்தவர் மாமா. தான் மழையில் நின்று வாங்கிய பொக்கிஷத்தை மருமகன் எப்படிப் பாதுகாக்கிறான் என்று கண்டு அவர் அசந்துபோக வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும்.

மெசினின் மூடியைக் கழற்றி, உருளைகளைத் தளர்த்தி, அட்டையை மெல்ல உருவி எடுத்தான்.  கையெழுத்தின் மேலேயே ஒரு பெரிய குமிழ். அதற்குள் மை கசியத் தொடங்கியிருந்தது.

அட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அங்கே பாலசுப்பிரமணியன் இருந்தார். சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. அன்றைக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்துகொண்டிருந்தார்.

"என்ன சார், கரண்ட் போயிடுச்சா?"

"கரண்ட் போகேல்லை, பாலா அண்ணை. உயிர்தான் போகுது."

பாலா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு பதட்டம்? வெறும் காத்து சார் இது. மேல ஒரு துணியைப் போட்டு இஸ்திரி பண்ணினா உக்காந்துடும். நான் பண்றேன், பாருங்க."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமோ?"

"ஆமா சார். லாஜிக்தானே?"

குமிழ் உட்காரத்தான் செய்தது. உட்காரும்போது மையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது. 'எடி' தப்பிவிட்டது. 'மார்லோ' மட்டும் கீழே வழிந்து, ஆட்டக்காரரின் மூக்குக்கு அடியில் அழகான நீல மீசையாக நின்றது.

"ஐயோ, அண்ணை!"

"இருங்க, இருங்க. மை பிளாஸ்டிக்லதான் ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக்கை உரிச்சுட்டா அட்டை பழையபடி ஆயிடும்."

சிவதர்ஷனுக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை. பாலா ஒரு முனையைப் பிடிக்க, இவன் மறுமுனையைப் பிடிக்க, 'சர்ர்ர்' என்று பிளாஸ்ரிக் உரிந்தது. எடி மார்லோவும் தொப்பி, மீசை சகிதம் அதனோடேயே போய்விட்டார். சிவதர்ஷனின் கையில் ஒன்றுமே இல்லாத சாம்பல் நிறக் கடதாசி மட்டை மிஞ்சியது.



"சார், எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு," என்றார் பாலா.

சிவதர்ஷன் அவருடைய சேர்ட்டை எட்டிப் பிடித்தான். "நீங்கள் எங்கயும் போகேலாது."

இருவரையும் ஏற்றிக்கொண்டு சிவதர்ஷனின் வேலை வான் குரோய்டனுக்குப் பறந்தது. அங்கே பழைய கொமிக் புத்தகங்களும் விளையாட்டு அட்டைகளும் விற்கிற ஒரு சின்னக் கடை. றொஷானி சனிக்கிழமைகளில் பழியாய்க் கிடக்கிற இடம். கடைக்காரி கத்தரின் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. றொஷானியையும் அவள் புருசனையும் நன்றாகத் தெரிந்தவள்.

"எடி மார்லோவா?" என்று அவள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். "வேண்டியமட்டும் எடுத்துக்கொள். கேட்பாரில்லாமல் கிடக்கிறது."

அதே வருடம், அதே படம், அதே தொப்பி. மூன்று அட்டைகள்! சிவதர்ஷனுக்கு அவளைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அந்தச் சந்தோசத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"கையெழுத்துப் போட்டது ஏதும் இருக்குமோ?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டான்.

கத்தரின் கண்ணீர் வரச் சிரித்தாள். "மார்லோ கையெழுத்தா? அந்த மனிதன் யாருக்குமே போடமாட்டானே! சின்னப் பிள்ளைகள் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். உலகத்தில் விரல்விட்டு எண்ணலாம். உன் மனைவியிடம் ஒன்று இருக்கிறதாமே? அதைத் தரச் சொல், இந்தக் கடையையே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்."

சிவதர்ஷன் பக்கத்திலிருந்த கொமிக் புத்தகக் கட்டின் மேல் பொத்தென்று இருந்துவிட்டான். உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒன்றை அவன் இஸ்திரி போட்டிருக்கிறான்.

வானில் ஏறியதும் போன் அடித்தது. றொஷானி.

"தர்ஷன், பிளேன் முந்தியே இறங்கிட்டுது. வந்துகொண்டிருக்கிறம். அப்பா வீட்டைக்கூடக் கேக்கேல்லை, மார்லோ எப்பிடி இருக்கிறார் எண்டுதான் கேக்கிறார்."

"மார்லோ... சுகமா இருக்கிறார்," என்றான் சிவதர்ஷன். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். பிளாஸ்ரிக்கில் ஒட்டியிருந்த 'எடி'யைப் பார்த்து எழுதலாம். 'மார்லோ'வுக்கு மீசைதான் ஆதாரம்.

முதல் அட்டையில் பாலா போட்டார். அச்சு அசலாக வந்தது. வந்த உற்சாகத்தில் கீழே இரண்டு கோடு இழுத்து, அன்றைய தேதியையும் போட்டுவிட்டார்.

"தேதி என்னத்துக்கு அண்ணை?"

"பழக்கம் சார். முன்னாடி பேங்க்ல இருந்தவன்."

இரண்டாவதில் சிவதர்ஷனே போட்டான். போட்டு முடித்த கையாலேயே அதை அழித்தும் விட்டான். மை காயுமுன் உள்ளங்கை பட்டுவிட்டது. மூன்றாவது அட்டையை எடுக்கும்போது பிள்ளையாரைக் கும்பிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் போட்டான். 'மார்லோ'வின் கடைசியில் ஒரு வால் தன்பாட்டுக்கு வந்து வளைந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சட்டத்துக்குள் அட்டையைச் செருகி மூடவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பாலா பின்கதவால் ஓடிவிட்டார்.

கிருஷ்ணராசா மாமா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் மாமி அருமைநாயகி இரண்டு பைகளோடு வந்தார். அதிகம் பேசாத மனுசி. சிரித்துக்கொண்டே பைகளைச் சிவதர்ஷனிடம் கொடுத்தார்.

"எங்க எங்கட மார்லோ?" என்றார் மாமா.

றொஷானி சட்டத்தை எடுத்துத் தகப்பன் கையில் கொடுத்தாள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

மாமியும் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தான் சிவதர்ஷன்.

"என்னப்பா?" என்றாள் றொஷானி.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. கனகாலத்துக்குப் பிறகு பாக்கிறன். கண் கொஞ்சம் மங்கல்." மாமா சட்டத்தைக் கவனமாகத் திரும்பக் கொடுத்தார். "அண்டைக்கு என்ன மழை..." என்று தொடங்கியவர், முதன்முறையாக அந்தக் கதையைப் பாதியில் நிறுத்தினார்.

"அப்பா, உங்களுக்கு ஒரு சப்றைஸ்," என்றாள் றொஷானி. "அமெரிக்காவிலயிருந்து கையெழுத்துச் சோதிக்கிற ஒராள் நாளைக்கு குரோய்டனுக்கு வாறார். கத்தரின்தான் ஒழுங்கு பண்ணினவ. இதைக் காட்டி, அசல்தான் எண்டு சேர்ட்டிபிக்கற் எடுத்து, அப்பா வாங்கித் தந்தது எண்டு உங்கட பேரையும் போட்டுக் கொழுவப்போறன்."

"வேண்டாம்!"

இரண்டு குரல் கேட்டது. ஒன்று சிவதர்ஷனுடையது. மற்றது மாமாவுடையது. இருவரும் ஒருவரை ஒருவர் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

"ஏன்?" என்றாள் றொஷானி.

"பிள்ளை, தகப்பன் தந்த சாமானை இன்னொருத்தன் சோதிக்கிறதோ? நம்பிக்கை எண்டு ஒண்டு இல்லையோ?" என்றார் மாமா.

"அதுதானே!" என்று பாய்ந்தான் சிவதர்ஷன். "மாமா மழையில நிண்டு வாங்கினது. அவன் ஆர் அதைச் சோதிக்க?"

மாமா கிட்ட வந்து அவன் தோளைத் தட்டினார். "எலெக்ரீசியன் எண்டாலும் நல்ல பண்பான பெடியன். அண்டைக்கு நான் பிழையா நினைச்சிட்டன்."

றொஷானியின் கண் கலங்கிவிட்டது. "நீங்கள் ரெண்டு பேரும் ஒரு விசயத்தில ஒத்துப்போறதை இண்டைக்குத்தான் பாக்கிறன். சரி, விடுறன். சேர்ட்டிபிக்கற் வேண்டாம்."

சட்டம் பழையபடி தட்டில் ஏறியது. தப்பிவிட்டோம் என்று சிவதர்ஷனுக்குச் சந்தோசம் வரவில்லை.  அந்த மனிசன் பிள்ளைக்காக இரவு வேலை செய்த உடம்போடு போய் நின்று வாங்கியதை அழித்துவிட்டு, அவரிடமே நல்ல பெயரும் வாங்கிவிட்டானே! வெட்கமாக இருந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் அழுதுவிடுவான் போலிருந்தது.

குசினியில் மாமி தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். சிவதர்ஷன் கதவைச் சாத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"மாமி... நான் ஒரு பெரிய பிழை விட்டிட்டன். அந்த மார்லோ அட்டை... அதில இருக்கிற கையெழுத்து..."

மாமி சாத்தியிருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவன் கையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"சத்தம் போடாதேங்கோ தம்பி. அண்டைக்கு இவர் எங்கட குசினி மேசையில இருந்து போட்டதை விட, நீங்கள் போட்டது எவ்வளவோ வடிவாக் கிடக்கு."