சின்னக் கட்டளைக்குச் சொல்லாமல் விட்டது

'கேட்டுச்சா' அண்ணனைப் போல ஒரு சந்தேகப் பிராணி ராமநாதபுரம் மாவட்டத்திலேயே கிடையாது. ஒருவரிடம் சொன்னது அடுத்தவருக்குப் போய்ச் சேரும் என்று அவர் நம்பியதே இல்லை. பரோட்டா கடையில் சப்ளையரிடம் "வெங்காயம் வேணாம்" என்பார். உடனே எழுந்து போய்க் கல்லருகே நிற்கும் மாஸ்டரிடமும் சொல்லி, "கேட்டுச்சா?" என்பார்.

பரமக்குடி பஸ்ஸில் ஒருமுறை கண்டக்டரிடம் இறங்குமிடம் சொன்னவர், நேராக டிரைவரிடம் போனார்.

"அதான் கண்டக்டர்ட்ட சொல்லிட்டீகள்ல?"

"அவரு ஒங்கள்ட்ட சொன்னாரா?"

டிரைவர் கண்ணாடியில் கண்டக்டரைத் தேடினார்.

நானும் அண்ணனும் வேலை பார்த்த சின்ன அலுவலகம், ராமேஸ்வரம் மீனவர்களுக்கு அலை எச்சரிக்கை அனுப்பும் செயலியை நடத்தியது. ஒருநாள் காலை, சோதனைக்காக எழுதிவைத்த 'நாற்பது அடி அலை' அத்தனை பேர் போனுக்கும் போய்விட்டது.

"தம்பி, கடலு கண்ணாடி கணக்கா கெடக்கு. நாங்க போகவா வேணாமா?" என்று பாம்பனிலிருந்து ஒருவர் கேட்டார்.

அனுப்பியவள் புதிதாகச் சேர்ந்த பாத்திமா. நிரல்களைச் சேமித்துச் செயலிக்கு அனுப்பும் மென்பொருள் ஒன்று இருந்தது; அதில் அனுப்பியது உடனே நடப்புக்கு வந்துவிடும். அதில் 'ஒத்திகை' என்றொரு விருப்பம் உண்டு. அதைச் சேர்த்தால் அனுப்புவதுபோலக் காட்டும், அனுப்பாது.

"ஒத்திகைன்னு போட்டுத்தான் சார் அனுப்புனேன்" என்று அழுதாள். முதலாளி நம்பவில்லை. "நாளைலேர்ந்து வர வேணாம்மா" என்றார்.

நம்பியது அண்ணன் மட்டும்தான். "அந்தப் புள்ள சொல்லியிருக்கும். உள்ள போய்ச் சேர்ந்திருக்காது" என்று, யாரும் பார்க்கலாம் என்று வெளியிடப்பட்டிருந்த அந்த மென்பொருளின் மூல நிரலையே திறந்து உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. நாம் தட்டும் பெரிய கட்டளை, உட்பகுதிகளை அனுப்ப ஒரு சின்னக் கட்டளையைக் கூப்பிடுகிறது. ஒத்திகை என்பதை அதற்குச் சொல்வதே இல்லை. சோதனை எச்சரிக்கை இருந்தது அப்படியொரு உட்பகுதியில்தான். பெரியது நடித்துக்கொண்டிருக்க, சின்னது அதை நிஜமாகவே அனுப்பிவிட்டது.

அண்ணன் அதை முதலாளியின் கண்ணெதிரே செய்து காட்டினார். முதலாளி தானே பாத்திமாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு வரச் சொன்னார். அவர் போனை வைத்ததும் அண்ணன் தன் போனை எடுத்தார்.

"தாயி, மொதலாளி வரச் சொன்னாகளா?"

திருத்தத்தை எழுதி, வெளிநாட்டிலிருக்கும் அந்த மென்பொருள்காரர்களுக்கு அனுப்பினார். கண்டுபிடித்தவர் என்று பாத்திமா பெயரைப் போட்டிருந்தார். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

பாத்திமா திரும்பி வந்த அன்று நான் சீக்கிரமே போயிருந்தேன். எனக்கும் முன்னால் வந்திருந்த அண்ணன் அவள் நாற்காலியைத் துடைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒன்றும் தெரியாதவர்போலத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.